“தண்ணீர் குடி” என்று சொல்வோரே, குடிக்க நேரம் எங்கே?



அண்மையில் வன்னியில் நடந்த சுகாதாரக் கூட்டமொன்றுக்கு எமது சங்கத்தையும் அழைத்திருந்தார்கள். சிறுநீரக நோய் பற்றிய கூட்டம். மின்விசிறிக்குக் கீழே, மேசைக்கு மேசை தண்ணீர்ப் போத்தல் வைத்த மண்டபம். பேச வந்த ஐயா ஒருவர் சொன்னார்: “இந்தக் கூலிச் சனத்துக்குத் தண்ணீர் குடிக்கத் தெரியாது. எத்தனை தரம் சொன்னாலும் கேட்காதுகள்.” மண்டபத்தில் சிலர் தலையாட்டினார்கள். நாம் அங்கேயே எழுந்து பதில் சொன்னோம். ஆனால் அன்று இரண்டு நிமிடந்தான் தந்தார்கள். மீதிப் பதிலை இங்கே எழுதுகிறோம்.

தண்ணீர் குடிக்கத் தெரியாதவர்களா நாம்? மலையில் பீலித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து லயத்துக்குச் சுமந்தவர்கள் எம் பாட்டிமார். 1958இலும் 1977இலும் 1983இலும் அடித்து விரட்டப்பட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தபோது, பற்றைக் காட்டை வெட்டி, வெறும் கையோடு கிணறு தோண்டியவர்கள் எம் தாய் தகப்பன்மார். அந்த நாளில் எம்மைக் குடியேற்ற முன்னின்ற காந்தியம் அமைப்பின் வைத்தியர் இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமில் முட்கம்பிக்குள்ளே ஒரு கலன் தண்ணீருக்கு வெயிலில் வரிசையில் நின்றவர்களும் நாமே. தண்ணீரின் அருமையை எமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. எமக்குக் கிடைக்காதது தண்ணீர் குடிக்கிற நேரமும் நிழலும் மறைவிடமும் ஆகும்.

இதைக் கோபத்தில் சொல்கிறோம் என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. ஆகவே உடம்பு தண்ணீரை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதிலிருந்தே தொடங்குவோம். அது தெரிந்தால் குற்றம் யார் மீது என்பதும் தெரிந்துவிடும்.

வாய் முதல் இரத்தம் வரை

குடித்த தண்ணீர் இரைப்பையில் அதிகம் தங்காது. இரைப்பை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குத் தள்ளிவிடும். உண்மையான வேலை நடப்பது சிறுகுடலில்தான். நாம் ஒரு நாளைக்குக் குடிப்பதும் சாப்பாட்டில் சேர்வதும் ஏறக்குறைய இரண்டு லீற்றர். உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடல் நீர் என்று உடம்பே இன்னும் ஏழு லீற்றர் அளவில் குடலுக்குள் விடுகிறது. இந்த ஒன்பது லீற்றரில் பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிவிடும். மிச்சத்தில் பெரும்பங்கைப் பெருங்குடல் எடுத்துக்கொள்ளும். மலத்தோடு வெளியே போவது ஒரு தேநீர்க் கோப்பை அளவுகூட இராது. வயிற்றோட்டம் வந்தால் பிள்ளை ஏன் ஒரே நாளில் வாடிப்போகிறது என்பது இந்தக் கணக்கைப் பார்த்தால் விளங்கும். உள்ளே திரும்ப வேண்டிய ஒன்பது லீற்றரின் பாதை அங்கே குழம்பிவிடுகிறது.

சிறுகுடல் தண்ணீரைப் பம்பு போட்டு இழுப்பதில்லை. ஊறுகாய் போடுகிற எந்தத் தாய்க்கும் இந்த விஞ்ஞானம் தெரியும். மாங்காய்த் துண்டுக்கு உப்புத் தூவி வைத்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விடும். உப்பு எங்கே கூடுதலோ அங்கே தண்ணீர் போகும். குடலிலும் அதுவே. குடலின் சுவர் உப்பை உள்ளே எடுத்தால், அதன் பின்னாலே தண்ணீரும் போகும். அந்த உப்பு உள்ளே போகிற கதவுகளில் முக்கியமான ஒன்று குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். உப்பும் குளுக்கோஸும் கைகோத்து உள்ளே போக, தண்ணீர் அவற்றைத் தொடர்ந்து போகிறது. 1960இல் றொபேர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி இதை விளக்கினார்.

அந்தச் சின்ன உண்மை என்ன செய்தது தெரியுமா? 1971இல் வங்காளதேசப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் இந்திய எல்லையைக் கடந்து வந்தார்கள். பொங்கான் முகாமில் வாந்திபேதி பரவியது. சேலைன் முடிந்துவிட்டது. திலீப் மகலநபிஸ் என்ற வைத்தியர் குளுக்கோஸையும் உப்பையும் சோடாவையும் அளந்து தண்ணீரில் கரைத்துப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளியின் தாயிடமும் உறவினரிடமும் கொடுத்து ஊட்டச் சொன்னார். முன்பு நூற்றுக்கு முப்பது பேரளவில் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. எங்கள் வீடுகளில் இருக்கும் ஜீவனி பக்கெட் அந்த வழியில் வந்ததுதான். படித்தவர்கள் “தெரியாது” என்று ஒதுக்கிய அகதித் தாய்மார் கரண்டியால் ஊட்டித்தான் அத்தனை உயிர்களையும் மீட்டார்கள். மண்டபத்தில் பேசிய ஐயா இதை வாசிக்க வேண்டும்.

உடம்பு தண்ணீர்த் தாங்கி அல்ல

இப்போது வேலைத்தளத்துக்கு வருவோம். “காலையில் வயிறு நிறையக் குடித்துவிட்டு வா, இடையில் போத்தலைத் தேடாதே” என்று சொல்கிற முதலாளிமார் பலர். இது உடம்பைத் தாங்கியாக நினைக்கிற பேச்சு. விடிய ஐந்து மணிக்கு இரண்டு லீற்றர் குடித்தால் உடம்பு அதைச் சேமித்து வைக்காது. தேவைக்கு மிஞ்சியது என்று மூளை கண்டுகொள்ளும், சிறுநீரகம் திறந்துவிடும், இரண்டு மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும். வெயில் ஏறுகிற நேரத்தில் உடம்பில் அது இராது.

சரி, மதியத்தில் சேர்த்துக் குடிக்கலாமா? இரைப்பை ஒரு மணித்தியாலத்துக்குள் குடலுக்குத் தள்ளக்கூடியது ஏறத்தாழ ஒரு லீற்றர்தான். அதற்கு மேல் குடித்தால் வயிறு ஊதும், குமட்டும். ஒரே நேரத்தில் மிக அதிகமாகக் குடித்தால் இரத்தத்தின் உப்பு நீர்த்துப்போய் ஆபத்துகூட வரும். அதனால்தான் வெயிலில் வேலை செய்பவர்கள் பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருதரம் ஒரு கோப்பை, அதாவது கால் லீற்றரளவு குடிக்க வேண்டும் என்று தொழில் சுகாதார நிபுணர்கள் சொல்கிறார்கள்.

தாகம் எடுக்கும்போது குடிக்கலாம் என்றால், தாகம் பிந்தித்தான் வரும். உடல் எடையில் நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு நீர் குறைந்த பிறகே தாகம் நன்றாகத் தெரியும். பாரமான வேலையில் அதற்குள் தலை சுற்றத் தொடங்கிவிடும். அது தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டப் போன கதை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வெயிலில் கிடங்கு வெட்டுகிற ஒருவருக்கு மணிக்கு முக்கால் லீற்றர் வியர்வை போகிறது என்று வைப்போம். கடும் வெயிலில் ஒரு லீற்றருக்கு மேலும் போகும். காலை ஏழு முதல் பன்னிரண்டு வரை ஐந்து மணித்தியாலத்தில் போனது மூன்றே முக்கால் லீற்றர். கையில் இருந்தது ஒன்றரை லீற்றர்ப் போத்தல். பற்றாக்குறை இரண்டே கால் லீற்றர். ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது எடையில் நூற்றுக்கு நாலரைப் பங்கு. கைகால் பிடித்து இழுப்பதும் கண் இருட்டுவதும் வாந்தி வருவதும் இந்த இடத்தில்தான். இதற்குத் தொழிலாளியின் அறியாமை காரணமா? கால் மணித்தியாலத்துக்கு ஒருதரம் மண்வெட்டியைக் கீழே வைக்க எந்த முதலாளி விடுகிறார்?

ஓர் அக்காவின் அரைநாள் கூலி

கிளிநொச்சிப் பக்கத்துத் தென்னந்தோட்டமொன்றில் நடந்தது இது. எமது அங்கத்தவரான ஓர் அக்கா, மூன்று பிள்ளைகளின் தாய், தென்னங்கன்றுக்குக் கிடங்கு வெட்டும் வேலையில் நின்றார். பதினொரு மணியளவில் இரண்டு காலும் பிடித்து இழுக்க, கிடங்குக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டார். மேற்பார்வையாளர் ஓடிப்போய்க் கலர்ச் சோடா ஒன்று வாங்கிக் கொடுத்தார். குடித்ததும் வாந்தி. பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். சம்பள நாளில் பார்த்தால் அன்றைக்கு அரைநாள் கூலிதான்.

நாம் போய் விசாரித்தோம். “ஏன் அக்கா, போத்தலில் தண்ணீர் இருந்ததே, குடிக்கவில்லையா?” என்று கேட்டோம். அவர் சொன்ன பதிலை ஒவ்வொரு அதிகாரியும் கேட்க வேண்டும். “குடிச்சா ஒதுங்கணுமே தம்பி. அந்த வெட்டையில நான் எங்க போய் ஒதுங்குறது? ஆம்பிளையளுக்கு நடுவுல?” காலை ஆறு மணி முதல் அவர் ஒரு மிடறுகூடக் குடித்திருக்கவில்லை.

மலையகத்தில் இதை வாசிக்கும் தோழியரே, இது வன்னிக் கதை என்று நினைக்காதீர்கள். கொழுந்து மலையில் கூடையோடு நிற்கும் நீங்களும் இதே காரணத்துக்காகத் தாகத்தை அடக்குகிறீர்கள் என்பது எமக்குத் தெரியும். குளிரான மலையிலேயே சிறுநீரை அடக்கிக் கிருமித் தொற்று வாங்கியவர்கள் எத்தனை பேர்! வன்னி வெயிலில் அது இரட்டைத் தண்டனை. மலசலகூடம் இல்லாத வேலைத்தளத்தில் “தண்ணீர் குடி” என்பது பெண்ணைக் கேலி செய்கிற பேச்சு.

அந்தச் சோடாவையும் மறந்துவிடக் கூடாது. சீனி உப்போடு அளவாகச் சேர்ந்தால் தண்ணீரை உள்ளே அழைத்துச் செல்லும் என்று மேலே சொன்னோம். அளவு மிஞ்சினால் தலைகீழாகும். மாங்காய் தண்ணீர் விட்டது போல, சீனி கூடிய பானம் குடலுக்குள் போனால் உடம்பிலிருக்கிற தண்ணீரைக் குடலுக்கு இழுக்கும். வாடிய உடம்புக்குச் சோடா கொடுப்பதும் கடன்காரனுக்கு வட்டிக்குக் கொடுப்பதும் ஒன்று. அந்த நேரத்தில் வேண்டியது நிழல், தண்ணீர், ஜீவனி. ஜீவனி இல்லாவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் சீனி தட்டையாக ஆறு தேக்கரண்டி, உப்பு தட்டையாக அரைத் தேக்கரண்டி. அளவு பிசகக் கூடாது. நினைவு தடுமாறினாலோ உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ வாயில் எதுவும் ஊற்றாமல் ஈரத்துணி போட்டுக் குளிர்வித்தபடியே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சிறுநீரகம் கட்டுகிற விலை

ஒரு நாள் வாட்டம் ஒரு நாளோடு போனால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டோம். எமது இரண்டு சிறுநீரகமும் நாளுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் நீரை வடித்து, ஒன்றிரண்டு லீற்றர் தவிர மற்றதெல்லாவற்றையும் இரத்தத்துக்கே திருப்பிக் கொடுக்கின்றன. உடம்பு வாடும்போது மூளை உத்தரவு அனுப்பும், சிறுநீரகம் ஒவ்வொரு துளியையும் பிடித்து வைக்கும். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போவது அதன் அடையாளம். சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தமும் குறையும். நாள்தோறும், மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இப்படி வதைத்தால் அது தாங்குமா?

நிக்கராகுவாவிலும் எல்சல்வடோரிலும் கரும்பு வெட்டிய இளைஞர்கள் தாங்கவில்லை. சீனி வியாதியோ இரத்த அழுத்தமோ இல்லாத இளம் ஆண்கள் சிறுநீரகம் செயலிழந்து ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அங்கே பின்னர் தண்ணீர், ஓய்வு, நிழல் என்ற மூன்றையும் வேலைத்தளத்தில் முறையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓய்வு நேரம் கூடியபோது வெட்டுக்காரரின் சிறுநீரகப் பாதிப்புக் குறைந்தது. உரையும் சுவரொட்டியும் அந்த வேலையைச் செய்யவில்லை.

எமது நாட்டில் 1990களில் மதவாச்சி, பதவியா பக்கத்தில் காரணம் அறியாத சிறுநீரக நோய் என்று பேசத் தொடங்கினார்கள். மதவாச்சிக்கு அடுத்தது வவுனியா. பதவியாவுக்கு அடுத்தது முல்லைத்தீவு. நோய்க்கு எல்லைக் கல் தெரியாது. எமது ஊர்களிலும் அது வந்துவிட்டது. காரணம் எது என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. கிணற்று நீரிலுள்ள புளோரைட்டும் கல்சியமும், விவசாய நஞ்சு, வெயிலில் திரும்பத் திரும்ப உடம்பு வாடுவது எனப் பலதும் பேசப்படுகின்றன. பல சேர்ந்தே வருகிறது என்பவர்கள் அதிகம். எது காரணமானாலும் முதலில் அடி விழுகிற உடம்பு ஒன்றுதான்: சொந்தக் காணி இல்லாமல், கிடைத்த கிணற்று நீரைக் குடித்து, மற்றவர் காணியில் மருந்தடித்து, நடுப்பகல் வெயிலில் நிற்கிற கூலியாளின் உடம்பு.

இரணைமடுக் குளம் எமக்குக் கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது. ஆனால் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய எமது ஊர்களில் பல மேட்டு நிலத்தில், வாய்க்கால் தண்ணீர் எட்டாத இடத்தில் கிடக்கின்றன. வயலுக்கு நீர் எட்டாததால்தான் கூலிக்குப் போகிறோம். கூலிக்குப் போன இடத்தில் குடிக்க நீரில்லை. கிணற்றுத் தண்ணீர் கல்சியம் என்றால் சுத்திகரித்த தண்ணீரைக் காசுக்கு வாங்கு என்கிறார்கள். உழைத்த கூலியில் ஒரு பங்கு, அந்த உழைப்பில் போன வியர்வையை ஈடுசெய்யவே போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலையில் வேலை செய்வோருக்குக் குடிநீர் வழங்க வேண்டும் என்கிறது. ஆனால் தென்னந்தோட்டமும் கச்சான் காணியும் வயலும் தொழிற்சாலை அல்லவாம். கூரைக்குக் கீழே நிற்பவருக்குத் தண்ணீர் உரிமை, வெயிலில் நிற்பவருக்குப் புத்திமதி! இந்தியாவின் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் வசதியான இடங்களில் போதிய நல்ல குடிநீர் வழங்குவது முதலாளியின் கடமை என்று எழுதி வைத்தது. நீலகிரி மலையில் அது எவ்வளவு நடக்கிறது என்பது வேறு கதை. கேட்பதற்கு ஒரு சட்டப் பிரிவாவது அவர்களுக்கு இருந்தது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வெயிலில் தொழிலாளர்கள் செத்து விழுந்த பிறகு, பண்ணைத் தொழிலாளர் சங்கத்தின் போராட்டத்தால் 2005இல் விதி வந்தது. ஒருவருக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர், நிழல், உடம்பு குளிர இடைவேளை. மூன்றும் முதலாளியின் பொறுப்பு. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் தோட்டங்கள் பற்றிய 110ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1995இல் ஏற்றிருக்கிறது. பாதுகாப்பான, சுகாதாரமான வேலைச் சூழல் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்று என்று அதே அமைப்பு 2022 யூனில் அறிவித்தது. ஆகவே நாம் பிச்சை கேட்கவில்லை.

நம் பக்கத்தையும் பார்ப்போம்

முதலாளியைச் சாடுகிற நாம் எம்மையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். உடம்பு நோகுது என்று கடையில் ஐபுபுரூபன், டைக்குளோபினாக் வாங்கி, வாடிய உடம்போடு விழுங்குகிறோம். அது சிறுநீரகத்துக்கு நேரடி அடி. பின்னேரம் களைப்புத் தீரக் கசிப்புக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரைப் பிடித்து வை என்று மூளை அனுப்பும் உத்தரவை மதுபானம் தடுத்துவிடும், இருந்த நீரும் போய்விடும். சங்கமும் தவறு செய்திருக்கிறது. இத்தனை ஆண்டும் சம்பளத்தை மட்டும் பேசினோம். மலசலகூடத்தை ஒரு பேச்சுவார்த்தையிலாவது முதல் கோரிக்கையாக வைத்தோமா? பெண்கள் கேட்க வெட்கப்பட்டார்கள், ஆண்கள் கேட்க மறந்தார்கள். அந்த அக்கா கிடங்கில் விழுந்ததில் எமக்கும் பங்குண்டு.

எமது கோரிக்கைகள்

1. வேலை செய்யும் இடத்திலேயே ஆளுக்கு மணிக்கு ஒரு லீற்றர் வீதம் பரிசோதித்த குடிநீர். செலவு முதலாளியுடையது.

2. வெயில் காலத்தில் மணிக்கு ஒருதரம் நிழலில் பத்து நிமிட ஓய்வு. அதற்கும் கூலி உண்டு. மரமில்லாத காணியில் தற்காலிகக் கொட்டில்.

3. பெண்கள் வேலை செய்யும் எந்த இடத்திலும் மறைவும் தண்ணீரும் உள்ள மலசலகூடம். நிரந்தரக் கட்டடம் முடியாவிட்டால் நகர்த்தக்கூடியது.

4. விடியப் பிந்தாமல் வேலையைத் தொடங்கி, நடுப்பகல் கடும் வெயிலில் நிறுத்துவது.

5. வேலைத்தளத்தில் விழுந்தவருக்கு முழுநாள் கூலி. ஒவ்வொரு வேலைக்குழுவிடமும் ஜீவனி.

6. கூலித் தொழிலாளருக்கு ஆண்டுக்கொருமுறை இலவசச் சிறுநீரகப் பரிசோதனை. ஊர்க் கிணறுகளின் நீர்ப் பரிசோதனை முடிவு தமிழில் எழுதி ஊரிலேயே ஒட்டப்பட வேண்டும்.

தோழர்களே! ஒவ்வொரு கிளையும் அடுத்த மாதக் கூட்டத்தில் இந்த ஆறையும் வாசித்து, தமது வேலைத்தளத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்று எழுதி அனுப்புங்கள். மூன்றாவது கோரிக்கையை எழுதுவது பெண் அங்கத்தவர்களின் கையாக இருக்கட்டும். பாடசாலை போகிற பிள்ளையிடம் கொடுத்து எழுதுவித்தாலும் சரி. அந்தக் கடதாசிகளோடு தொழில் திணைக்களத்துக்குப் போவோம். பதில் வராவிட்டால் காணி வாசலில் நிற்போம்.

அந்த அக்காவின் மிச்ச அரைநாள் கூலி இன்னும் வரவில்லை. அதை வாங்கும் வரை இந்தப் பேச்சை விடமாட்டோம். அடுத்த முறை அந்த மண்டபத்துக்கு எம்மை அழைத்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போவோம். “தண்ணீர் குடி” என்று அவர் முகத்தைப் பார்த்து அந்த ஐயா சொல்லட்டும்.